என் பிக்கப்புக்கு நான் போட்ட ஐந்து நட்சத்திரம்

ஐம்பத்திரண்டு வயதில் உனக்கு எதற்குப் பிக்கப் என்று யாராவது கேட்பார்கள் என்று பயந்து, பதிலைத் தயாரித்து வைத்துக்கொண்டுதான் நான் வண்டியை வாங்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. தயாரித்த பதில் வீணாகக் கூடாதே என்று அதை எழுதி இணையத்தில் போட்டேன். வினை அங்கேதான் தொடங்கியது.

நான் தெப்ராவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். மூடி சரியாக மூடுகிறதா என்று பார்த்து, மூடுகிறது என்று கையெழுத்துப் போடுவது என் தொழில். வீடு ஸ்கூடாயில். வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் இடையில் மலை, மேடு என்று ஏதாவது உண்டென்றால் அது எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் மூன்று வேகத்தடைகள். இந்தக் கரடுமுரடான வாழ்க்கைக்குத்தான் நான் நான்கு கதவும், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் விசையும் உள்ள ஒரு டீசல் பிக்கப்பைத் தேர்ந்தெடுத்தேன்.

ஓராண்டில் அதன் பின்தொட்டியில் நான் ஏற்றிய சுமைகளை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அரிசி மூட்டை இரண்டு. மனைவியின் தோழி வீடு மாறியபோது ஒரு துணி அலமாரி. தொட்டியோடு ஒரு காகிதப்பூச் செடி. அதுவும் காற்றில் சாய்ந்துவிடும் என்று மனைவி பாதி வழியில் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி வந்த வாரமே மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பாதர் அதை மந்திரித்துத் தந்தார். குள்ளமான மனிதர். தீர்த்தம் கண்ணாடி வரைக்கும்தான் எட்டியது. என் வண்டியின் கூரை இன்றுவரை மந்திரிக்கப்படாமல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் எனக்குள் என்ன நடந்தது என்பதை எப்படிச் சொல்வது! சாவியைத் திருப்பியதும் டீசல் எஞ்சின் தொண்டையைச் செருமும். அந்தச் செருமலில் ஒரு மரியாதை இருந்தது. இத்தனை ஆண்டுகளாக என்னிடம் யாரும் அப்படிச் செருமியதில்லை. ஸ்கூடாய் நெரிசலில் மற்ற கார்களின் கூரைகளுக்கு மேலே என் தலை தெரிந்தது. மூடிக்குக் கையெழுத்துப் போடுபவன் என்பது மறந்து, ஏதோ படை நடத்திப் போகிறவன் போல நான் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய் வந்தேன்.

பிக்கப் வைத்திருக்கும் தமிழர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு உண்டு. வண்டி வாங்கி ஆறு மாதம் ஆனவர்கள் அதில் தங்கள் கருத்தைப் போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். மூன்று தலைப்புகள்: பலம், பலவீனம், நட்சத்திரம். மற்றவர்கள் எல்லாம் 'டீசல் பரவால்ல, ஏர்கோன் ஓகே, பின்சீட்டு கொஞ்சம் டைட்' என்று எழுதி நான்கு நட்சத்திரம் போட்டுவிட்டுப் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள். நான் நான்கு பக்கம் எழுதினேன். வாழ்நாள் முழுவதும் புத்தகம் படித்துக்கொண்டே இருந்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போனவனுக்கு ஒரு பிக்கப் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

'குன்றுகள் குனிந்து வழிவிடும்' என்று ஒரு வரி. 'ஒரு டன் சுமையைப் பெருமூச்சு விடாமல் சுமக்கும்' என்று ஒரு வரி. 'செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் இது புலி' என்று ஒரு பத்தி. மூன்றாம் பக்கம் முழுக்க, நான்கு சக்கரத்தையும் மெதுவாக, ஆனால் மாபெரும் விசையோடு சுழற்றும் லோ கியரின் மகிமை. பலவீனம் என்ற தலைப்பின் கீழ், 'இதை ஓட்டிய பிறகு வேறு வண்டி பிடிக்காது' என்று ஒரே வரி. அதை எழுதி முடித்தபோது எனக்கே கைதட்டத் தோன்றியது. நட்சத்திரம் ஐந்து. ஆறு போட இடமில்லை.

பலவீனம் எனக்குத் தெரியாமல் இல்லை. பின் இருக்கையின் முதுகு, தேர்வு மண்டப நாற்காலிபோல நேராக நிற்கும். தொட்டி காலியாக இருக்கும்போது வேகத்தடையில் வண்டியின் பின்பக்கம் கன்றுக்குட்டி மாதிரி துள்ளும். பேரங்காடிக் கார் நிறுத்துமிடத்தில் மூக்கு உள்ளே போனால் வால் வெளியே நிற்கும். வளைத்துத் திருப்ப ஒரு முறை போதாது, மூன்று முறை முன்னும் பின்னும் ஆட வேண்டும். அதற்குள் பின்னால் நிற்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஹார்ன் அடித்தே என் பரம்பரையை விசாரித்துவிடுவார்கள். எல்லாம் தெரியும். ஆனால் பெற்ற பிள்ளையின் ரிப்போர்ட் கார்டை ஊரைக் கூட்டியா படித்துக் காட்டுவோம்?

ஒரு வியாழக்கிழமை மாலை, சாஆ என்ற ஊரிலிருந்து மச்சான் அழைத்தான். மனைவிக்கு ஒரே தம்பி. மூன்று டன் லோரி ஒன்று வைத்திருக்கிறான். சுற்றுவட்டாரத்தில் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று செம்பனை வைத்திருப்பவர்களின் பழக்குலைகளை ஏற்றி, எண்ணெய் ஆலைக்குப் பழம் வாங்கும் சென்டரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் தொழில். அவன் பிள்ளைகள் இரண்டும் கல்லூரி வரைக்கும் போனது அந்த லோரியில்தான் என்று சொல்லலாம்.

"மாமா, நீங்க எழுதினதப் படிச்சுப் படிச்சு முடிவு பண்ணிட்டேன்."

"என்ன மச்சான்?"

"லோரிய குடுத்துட்டு, நீங்க வச்சிருக்கிற அதே வண்டிய எடுக்கப் போறேன். அதே கலரு. திங்கக்கெழம காலையில சிகாமட் ஷோரூமுல சைன் பண்ணணும். லோரிய அங்கயே விட்டுட்டு வண்டிய எடுத்துட்டு வந்துருவேன்."

முதலில் எனக்கு வந்தது ஆனந்தம். அதை மறைத்து என்ன பயன்? நான் எழுதிய ஒன்றைப் படித்துவிட்டு உலகத்தில் ஒரு மனிதன் தன் வாழ்க்கையை மாற்றிக்கொள்கிறான்! பெரிய எழுத்தாளர்களுக்கே எத்தனை பேருக்கு இது வாய்த்திருக்கும்? "நல்ல முடிவு மச்சான்!" என்று சொல்லி, டயர் அளவு வரைக்கும் பேசிவிட்டுத்தான் போனை வைத்தேன்.

மனைவி சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த துண்டு பாதி மடிப்பிலேயே நின்றது.

"அந்த லோரிதாங்க அவனுக்குச் சோறு."

"பிக்கப்பும் ஏத்துமே. ஒரு டன்னு."

"நீங்க ஏத்தினது காகிதப்பூச் செடி. அதையும் நான்தான் புடிச்சிட்டு வந்தேன்."

"அவனுக்குத் தெரியாதா? இருபது வருஷமா வண்டி ஓட்டுறவன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருப்பானே."

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் சற்று இரக்கம் இருந்தது. "இருபத்துநாலு வருஷமா எங்க வீட்ல நீங்க சொன்ன எதையாவது எவனாச்சும் வேண்டாம்னு சொல்லியிருக்கானா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல. எல்லாத்துக்கும் 'சரி மாமா'ன்னுதான் சொல்வான்."

"சரி மாமான்னு சொல்வான். செய்ய மாட்டான். அதாங்க மாப்பிள்ளைக்குக் குடுக்கிற மரியாத. டுரியான் கன்னுங்கள நெருக்கமா நடச் சொன்னீங்க. நட்டானா? தண்ணித் தொட்டிய வடக்கால வைக்கச் சொன்னீங்க. வச்சானா?"

இத்தனை ஆண்டுகளாக அந்தத் தண்ணீர்த் தொட்டி தெற்கே இருப்பதை நான் கவனித்ததே இல்லை.

"அப்ப இத மட்டும் ஏன் கேட்டான்?"

"எழுதி வச்சிட்டீங்களே. அதுவும் தலைப்பு போட்டு." துண்டை மடித்து முடித்தாள். "மாமா சொன்னது தப்புன்னு அவன் வாயில வராது. அங்க வேற எவனும் சொல்ல மாட்டான். திங்கக்கெழமைக்கு முன்னாடி நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க. எழுதினவருதான் அழிக்கணும்."

சனிக்கிழமை மாலையே பூசைக்குப் போய்விட்டு, ஞாயிறு காலையில் நானும் மனைவியும் புறப்பட்டோம். என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினேன். 'மச்சான், அந்த வண்டியில சில குறை இருக்கு.' சிறிய வாக்கியம்தான். ஆனால் அன்றைக்குப் பார்த்து அந்த வண்டி நடந்துகொண்ட விதம் இருக்கிறதே! நெடுஞ்சாலையில் எண்ணெய் தடவியதுபோல வழுக்கிக்கொண்டு போனது. முந்திச் செல்ல மிதித்தால் ஒரு உறுமல், முதுகு இருக்கையில் பதிந்தது. யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும்போது நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"நாம எதுக்குப் போறோம்னு ஞாபகம் இருக்கா?" என்றாள் மனைவி.

மச்சான் வீட்டு வாசலில் லோரி நின்றது. அதைப் பார்த்ததும் என் முணுமுணுப்பு நின்றுவிட்டது. கழுவித் துடைத்து வைத்திருந்தான். டயருக்குக் கறுப்புப் போட்டிருந்தான். பெண்ணை அனுப்பி வைக்கிறவன்போல அலங்காரம். கண்ணாடிக்குக் கீழே எப்போதும் தொங்கும் ஜெபமாலையைக் காணவில்லை. அது அவன் சட்டைப் பையில் இருந்தது. புது வண்டியில் மாட்டுவதற்காக.

அது போதாதென்று உள்ளே மேசையில் நான் எழுதிய நான்கு பக்கம். சாஆ டவுனில் கொண்டுபோய் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, முக்கியமான வரிகளுக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு இழுத்திருந்தான். என் எழுத்தை யாரும் அவ்வளவு மதித்ததில்லை. பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். பயத்தால்தான்.

எனக்கென்று இருக்கும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மச்சானின் மனைவி தே தாரேக் கலக்கி, முதல் கிளாஸை வழக்கம்போல எனக்கே வைத்தாள். கிளாஸைத் தொடாமலே ஆரம்பித்தேன்.

"மச்சான், அந்த வண்டியில சில குறை இருக்கு."

"மாமா எப்பவும் இப்படித்தான், தன்னோடத அடக்கமாத்தான் சொல்வாரு," என்றான் மச்சான், தன் மனைவியிடம் பெருமையாக.

"இல்ல மச்சான், நெசமாத்தான்..."

"நீங்க டீ குடிங்க மாமா. குடிச்சிட்டு வாங்க, மேட்டுக்குப் போலாம். நேத்து வெட்டின பழம் அப்படியே கெடக்கு. ராத்திரி மழ. லோரி ஏறாது. அங்கேருந்து கைவண்டியில தள்ளித் தள்ளியே என் இடுப்பு போச்சு. அதுக்குத்தானே இந்த வண்டியே எடுக்கிறேன்." உறையைக் கையில் எடுத்தான். "'குன்றுகள் குனிந்து வழிவிடும்'. சும்மாவா எழுதியிருக்கீங்க!"

அவனுடைய சொந்த ஐந்து ஏக்கர் ஒரு செம்மண் மேட்டின் மேல் இருக்கிறது. ஊராருடைய பழத்தையெல்லாம் லோரியில் ஏற்றிப் போகிறவனின் சொந்தப் பழம், மழை பெய்தால் மேட்டிலேயே கிடந்து கெடும். இது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னல் வழியாகத் தெற்கே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் லோரியை மேட்டின் அடிவாரத்தில், தார் ரோட்டின் ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். பெண்கள் இருவரும் லோரிக்குப் பக்கத்தில் குடையை விரித்து நின்றுகொண்டார்கள். மச்சான் என் வண்டியில் ஏறினான்.

"நீ ஓட்டு மச்சான்."

"ஐயோ மாமா. நீங்க ஓட்டுங்க. நான் பாத்துக் கத்துக்கிறேன்."

சொல்ல வேண்டியதைச் சொல்ல அதுதான் நல்ல தருணம். ஆனால் எதிரே மேடு. உண்மையான மேடு! செம்மண், நடுவில் தண்ணீர் அறுத்த ஓடை, இரண்டு பக்கமும் செம்பனை. நான்கு பக்கம் எழுதியவனுக்கு முன்னால் அவன் எழுதிய மேடே எழுந்து வந்து நின்றால் அவன் என்ன செய்வான்? மிதித்தேன்.

பாதி வரை ஏறினோம். அதற்குமேல் சக்கரங்கள் சுழன்றன, சேறு பறந்தது, வண்டி அமைதியாக, மிகுந்த கண்ணியத்தோடு பின்னோக்கி வழுக்கத் தொடங்கியது. பிரேக்கை மிதித்து எப்படியோ நிறுத்தினேன். கீழேயிருந்து மனைவியின் குரல்: "குனிஞ்சிருச்சா?"

"மாமா, லோ கியர் போடுங்க," என்றான் மச்சான், சிறிதும் நம்பிக்கை குறையாமல். "மூணாவது பக்கத்துல எழுதியிருக்கீங்களே."

அதற்கான குமிழ் கியருக்குப் பின்னால் இருக்கிறது. எதையாவது திருப்பினால் ஏதாவது நடக்கும் என்று கையை நீட்டினேன். மச்சான் குனிந்து அதையே பார்த்தான்.

"மாமா... இதுல பிளாஸ்டிக் இருக்கே."

இருந்தது. வண்டி தொழிற்சாலையிலிருந்து வரும்போது கீறல் விழாமல் இருக்க ஒட்டி அனுப்புவார்களே, அந்த மெல்லிய உறை. ஓரம்கூடப் பிரியாமல், ஒரு சுருக்கம்கூட இல்லாமல் குமிழை மூடிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பிளாஸ்டிக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். என் வண்டிக்குள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை நான் பார்க்கவில்லை.

மச்சான் உறையின் ஓரத்தை விரலால் ஒருமுறை தடவினான். பிறகு மிகவும் மெதுவாக, எனக்கு ஒரு வழியைத் திறந்துவிடுகிறவன்போலக் கேட்டான்.

"தேஞ்சிடக் கூடாதுன்னு புதுசா ஒட்டி வச்சிருக்கீங்களா மாமா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். நம்பாவிட்டாலும் 'சரி மாமா' என்று சொல்லியிருப்பான். திங்கட்கிழமை போய்க் கையெழுத்தும் போட்டிருப்பான். அவன் சட்டைப் பையில் ஜெபமாலையின் சிலுவை மட்டும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்ல மச்சான்," என்றேன். "நான் இதத் தொட்டதே இல்ல."

அதன்பிறகு கொட்டிவிட்டேன். சரிவில் பிரேக்கை மிதித்தபடியே, பாவசங்கீர்த்தனம் செய்கிறவன்போல வரிசையாகச் சொன்னேன். ஒரு டன் நான் ஏற்றியதில்லை. அரிசி மூட்டைதான். செம்பனைத் தோட்டத்தை நெடுஞ்சாலையிலிருந்துதான் பார்த்தேன். தொட்டி குட்டை. காலியாக ஓடினால் துள்ளும். திருப்பினால் திரும்பாது. லோ கியர் பற்றிய மூன்றாம் பக்கம் முழுவதும் வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் பார்த்து, கொஞ்சம் உணர்ச்சி சேர்த்து எழுதியது.

மச்சான் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்துபோனேன்.

"அலமாக் மாமா! நாலு பக்கம்! அப்ப அந்தப் புலி?"

"புலி ஸ்கூடாயத் தாண்டினதில்ல மச்சான்."

அவன் சிரித்த சிரிப்பில் வண்டி இன்னும் ஒரு அடி வழுக்கியிருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புத்தகம் எங்க இருக்கு?" என்றான்.

"எதுக்கு?"

"இவ்ளோ தூரம் வந்தாச்சு. உறையப் பிச்சுப் போட்டுத்தான் பாப்போமே லா!"

அந்த நொடியில் அவன்மேல் எனக்கு வந்த அன்பு! நகத்தால் உறையை உரித்தேன். புத்தகத்தை அவன் உரக்கப் படித்தான், நான் செய்தேன். வண்டியை முழுவதும் நிறுத்து. நிறுத்தினேன். கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வா. வந்தேன். குமிழைத் திருப்பு. திருப்பினேன். விளக்கு விட்டுவிட்டு மினுக்கும், காத்திரு. இரண்டு நடுத்தர வயதுக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கோ அடியில் கடக் என்று ஒரு சத்தம். விளக்கு நிலைத்து நின்றது.

மெதுவாக மிதித்தேன். வண்டி ஏறியது.

ஏறியது என்றால் அப்படி இப்படி இல்லை. சக்கரம் சுழலவில்லை, வழுக்கவில்லை, அவசரமே படவில்லை. ஒவ்வொரு அடியையும் பிடித்து, பிடித்து, படி ஏறுவதுபோல ஏறியது. ஓடையில் ஒரு சக்கரம் இறங்கியது, மறுபக்கம் தானாக எழுந்தது. முன்கண்ணாடி முழுக்க வானம். "போகுது மாமா! போகுது!" என்று மச்சான் டேஷ்போர்டைத் தட்டினான். நானும் கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கீழே அது பாட்டாகக் கேட்டது என்று மனைவி பிறகு சொன்னாள். உச்சியில் போய் நின்றபோது, நான் எழுதியதில் ஒரு வரியாவது உண்மையாகிவிட்ட மகிழ்ச்சியில் எனக்கு இறங்கவே கால் வரவில்லை.

மரங்களுக்கு அடியில் பழக்குலைகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் முள் முளைத்த பலாப்பழம் மாதிரி. மச்சான் கூர்முனைக் கம்பியால் ஒன்றைக் குத்தித் தூக்கி வீசினான். தொட்டியில் அது விழுந்த சத்தத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது குலை, தொட்டியின் விளிம்பில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போய் விழுந்தது. முதல் கீறல். ஐந்தாவது குலைக்குப் பிறகு நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். பத்தாவதை நானே குத்தித் தூக்கினேன். அது என் காலிலிருந்து அரை அடி தள்ளி விழுந்தது. மச்சான் கம்பியை வாங்கிக்கொண்டான்.

முப்பத்தைந்துக்கு மேல் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. முன்விளக்குகள் இரண்டும் செம்பனை உச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தன.

"மாமா, ஒரு டன்னுன்னா ஆளுங்களையும் சேத்தா?"

புத்தகத்தைப் புரட்டினோம். ஆட்களையும் சேர்த்துத்தான்.

"நீங்க எத்தன கிலோ மாமா?"

"தொண்ணூத்தாறு."

அவன் ஒரு குலையைக் கம்பியில் தூக்கி எடை பார்த்தான். "இருவத்துநாலு இருக்கும். அப்ப நீங்க நாலு குலை." கொஞ்சம் தயங்கினான். பிறகு, நான் கேட்காமலேயே, இருபத்துநான்கு வருடப் பழக்கத்தை உடைத்துக்கொண்டு சொன்னான்: "நீங்க நடந்து வாங்க மாமா."

என் வண்டியை அவன் ஓட்டிக்கொண்டு முன்னால் இறங்க, என் இடத்தில் நான்கு குலைகள் ஏறிப் போக, நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் பின்னால் இறங்கி வந்தேன். மனைவி குடையைச் சாய்த்துப் பார்த்தாள். "வண்டிய வித்துட்டீங்களா?"

மூன்று நடை அடித்தோம். மூன்று முறை ஏறும்போது நான் ஓட்டினேன், மூன்று முறை இறங்கும்போது நடந்தேன். மேட்டிலிருந்த அத்தனையும் லோரிக்கு மாறியது. லோரி நிறையவில்லை, இன்னும் இடம் இருந்தது. மச்சான் இடுப்பில் கை வைத்து, நிறையாத லோரியையும் மூன்று முறை நிறைந்து காலியான பிக்கப்பையும் மாறி மாறிப் பார்த்தான். விரல் விட்டு எண்ணினான்.

"லோரியில ஒரு நாளைக்கு மூணு நட போறேன். இதுல பன்னெண்டு நட போகணும். வீட்டுக்கு எப்ப மாமா வர்றது?"

"அதத்தான் மச்சான் காலையில டீ குடிக்கும்போது சொல்ல வந்தேன்."

"நீங்க அடக்கமாப் பேசுறீங்கன்னு நெனச்சேன்."

அப்போது அவன் போன் அடித்தது. சிகாமட்டிலிருந்து விற்பனைப் பெண். திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். போனை ஒலிபெருக்கியில் போட்டு என் கையில் கொடுத்தான். "நீங்களே சொல்லுங்க மாமா. எழுதினது நீங்கதானே."

நான் யார் என்று சொன்னேன்.

"சார், அந்த நாலு பக்கம் எழுதினவங்களா?" அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "எங்க கஸ்டமர் எல்லாருக்கும் அதத்தான் சார் அனுப்புறேன்!"

லோரிக்குப் பக்கத்தில் நின்ற மனைவி, குடையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"அம்மா, பேனா இருக்கா? எழுதிக்கோங்க," என்றேன். சொன்னேன். தொட்டி குட்டை. ஒரு டன்னில் ஆளும் அடக்கம். குலை ஏற்றிப் பிழைக்கிறவனுக்கு இது லோரி ஆகாது. பின்சீட்டு, திருப்பம், துள்ளல், கார் நிறுத்துமிடம்.

"சார், சார், மெதுவா. இது எத்தன பக்கம் வரும்?" பிறகு குரல் இறங்கியது. "அப்ப வண்டி நல்லா இல்லையா சார்?"

"நல்லா இல்லையா?" முழங்கால் வரை செம்மண்ணோடு, தொண்டை கட்டிய நிலையில் நான் கத்தினேன். "அம்மா, நீங்க ஒருநாள் இந்த மேட்டுக்கு வந்து பாக்கணும்! அந்தக் குமிழத் திருப்பி, அந்தப் பச்ச விளக்கு நின்னதும்..."

மச்சான் போனைப் பிடுங்கினான். "தங்கச்சி, நாளைக்கு நான் வரல. லோரி எங்கிட்டயே இருக்கட்டும். மன்னிச்சுக்கோங்க." வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "விட்டா அந்தப் பொண்ணுக்கே ஒண்ணு வித்துருவீங்க."

சட்டைப் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தான். லோரியின் கதவைத் திறந்து, கண்ணாடிக்குக் கீழே பழைய இடத்தில் மாட்டினான். அது ஆடி நிற்கும் வரைக்கும் அங்கேயே நின்றான். நானும் நின்றேன்.

பழத்தைச் சென்டரில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். கோழிப் பிரட்டல். மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றான்.

"சொல்லு."

"அந்த டுரியான். நீங்க சொன்ன மாதிரி நட்டிருந்தா எல்லாம் செத்திருக்கும்."

ஒரு நொடி எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சிரித்துவிட்டேன். அவ்வளவுதான், மடை திறந்தது. தண்ணீர்த் தொட்டி ஏன் தெற்கே இருக்கிறது என்று மச்சானின் மனைவி விளக்கினாள். அவர்கள் கல்யாணத்தில் நான் சொன்ன சமையல்காரரை ஏன் கூப்பிடவில்லை என்று மனைவி சொன்னாள். இருபத்துநான்கு ஆண்டுகளாக அந்த வீட்டில் நான் உதிர்த்த பொன்மொழிகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, கோழியோடு சேர்த்துப் பிய்த்துப் போட்டார்கள். நான் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் தொழிற்சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது, தொட்டி இடுக்கிலிருந்து நாலைந்து உதிரிப் பழங்கள் காவலாளியின் காலடிக்கு உருண்டு ஓடின. அவர் அவற்றைப் பார்த்தார், சேறு அப்பிய வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்கு முன் அவர் எனக்குச் சலாம் வைத்ததில்லை.

குழுவில் என் கருத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். பலம் என்ற தலைப்பின் கீழ் 'மேடு ஏறும்' என்று ஒரே வரி. பலவீனத்தில் இப்போது மூன்றாம் பக்கத்தில் இருக்கிறேன். நட்சத்திரத்தை மட்டும் என்னால் குறைக்க முடியவில்லை. இரண்டு முறை நான்காக்கி இரண்டு முறையும் திரும்ப ஐந்தாக்கிவிட்டேன்.

பழம் வெட்டும் நாளுக்கு முன்னால் மழை பெய்தால் மச்சான் அழைப்பான். "மாமா, லோரி இருக்கு. மேட்டுக்கு மட்டும் நீங்க வாங்க." போகிறேன். ஏறும்போது நான்தான் ஓட்டுகிறேன். இறங்கும்போது நடந்துதான் வருகிறேன். நான்கு குலைக்கு இடம் வேண்டுமே.